டெலிக்கா வானோடு 6 வருடங்கள்: ஜப்பானில் இருந்து ஸ்கார்பரோவுக்கு

ரோட்டோரமாக நிறுத்திவிட்டு இறங்கினால் யாராவது ஒரு அண்ணை வந்து, "தம்பி, இதை எப்படி இங்கே எடுத்தனீர்?" என்று கேட்காமல் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு டெலிக்கா என்றால் கலியாணத்துக்கும் கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயருக்குப் பிடிக்கிற வான். எனக்கும் அந்த ஆசைதான். 2018 இலையுதிர் காலத்தில் ஜப்பானில் இருந்து கனடாவுக்கு 1995ஆம் ஆண்டு மிட்சுபிஷி டெலிக்கா ஸ்பேஸ் கியர் ஒன்றை இறக்கினேன். 2.8 லீற்றர் டேர்போ டீசல், நாலு சில்லு இழுவை, வலப்பக்க ஸ்டியரிங். ஆறு வருடத்தில் 58,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு ரோட்டில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை எல்லாம் இங்கே எழுதுகிறேன், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்காக.

முதலில் சட்டம். கனடாவில் விற்கிற புது வாகனம் எதுவும் மத்திய அரசின் பாதுகாப்புத் தரங்களுக்கு ஏற்பக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஜப்பானில் ஓடுவதற்காகக் கட்டிய டெலிக்கா அந்தத் தரங்களுக்கு ஏற்பக் கட்டப்படவே இல்லை. ஆனால் தயாரித்து 15 வருடம் ஆன வாகனத்துக்கு அந்த விதிகள் பொருந்தாது, அதனால்தான் இறக்க முடிகிறது. அமெரிக்காவில் இதுவே 25 வருடம். "கவர்ன்மென்ட் விட்டது தானே, அப்போ பாதுகாப்பானது தானே" என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். அப்படி இல்லை. 15 வருடம் ஆன பிறகு இந்த வாகனத்தின் பாதுகாப்பைப் பற்றி மத்திய அரசு கேட்பதில்லை, அவ்வளவுதான். ஒன்டாரியோவில் நம்பர் தகடு எடுக்க 'சேஃப்டி' என்கிற வாகனப் பரிசோதனை போட வேண்டும், உண்மை. அதில் பிரேக், ரயர், ஸ்டியரிங், கறள் எல்லாம் பார்ப்பார்கள். மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பது அந்தப் பரிசோதனையில் வராது.

வாங்கியது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. ஜப்பான் ஏலத்தில் வாகனத்தின் நிலையை மதிப்பிட்டுத் தருகிற தாளில் 4 புள்ளி, அதாவது நல்ல நிலை. அடிப்பாகப் படங்கள் சுத்தம். ஜப்பானின் ஏற்றுமதிச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும் கையில் இருந்தால் சுங்கத்தில் அதிக நேரம் எடுக்காது. அடியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது, இருந்தால் துறைமுகத்திலேயே மறித்துவிடுவார்கள், அதனால் அனுப்ப முன் அங்கேயே நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். ஏசி இருந்ததால் அதற்கென்று தனியாக 100 டொலர் வரி. கப்பல், வரி, ஹாலிஃபாக்ஸில் இருந்து இங்கே ஏற்றி வந்த செலவு எல்லாம் சேர்த்து எனக்குப் 12,000 டொலருக்குச் சற்று மேலே போனது.

காப்புறுதியில்தான் முதல் அடி. நான் பல வருடமாகக் காசு கட்டி வந்த நிறுவனம், தொலைபேசியில் சரி என்று சொல்லிவிட்டு, வான் வந்து இறங்கிய பிறகு வலப்பக்க ஸ்டியரிங் எடுக்க மாட்டோம் என்றது. மூன்று வாரம் வான் வீட்டு முற்றத்தில் நின்றது. கடைசியில் ஒரு முகவர் மூலம் வேறு இடத்தில் கிடைத்தது, விலை கூட. ஏலத்தில் கை வைக்க முன் காப்புறுதி தருவோம் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஓட்டுவதற்கு அருமையான வான். ஒன்டாரியோவின் அல்கொன்குயின் காட்டுப் பூங்காப் பக்கம் பனியில், மற்ற கார்கள் வழுக்கி நிற்கிற ஏற்றத்தில் அலட்டாமல் ஏறும். டீசல் 100 கிலோமீற்றருக்கு 12 லீற்றர் அளவில் குடிக்கும். பின் இருக்கைகளை மடித்தால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். பின்பக்க ஹீற்றருக்குப் போகிற தண்ணீர்க் குழாய்கள் அடியில் கறள் பிடித்து ஒழுகும், இது இந்த மொடலின் பேர்போன வியாதி. கவனிக்காமல் விட்டால் எஞ்சின் சூடாகி, அதன் மேற்பகுதியான ஹெட்டில் வெடிப்பு விழும். நான் முதல் வருடமே மாற்றினேன். இங்கே ரோட்டில் கொட்டுகிற உப்புக்கு ஒவ்வொரு இலையுதிர் காலமும் அடியில் எண்ணெய் அடிக்காமல் விடவே கூடாது. பாகம் ஏதும் தேவை என்றால் ஜப்பானில் இருந்தோ அவுஸ்திரேலியாவில் இருந்தோ வரும் வரை வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் காசாலும் பொறுமையாலும் சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதவை வேறு.

ஜப்பானில் இடப்பக்கம் ஓடுவார்கள். அதனால் முன் லைட்டின் வெளிச்சம் இடது ஓரத்தில் மேலே ஏறும்படி கண்ணாடி செய்திருக்கிறது. இங்கே இடது என்றால் எதிரே வருகிறவனின் கண். முதல் மாதம் இரவில் எல்லோரும் எனக்கு ஏன் லைட் அடிக்கிறார்கள் என்று விளங்காமல் ஓடித் திரிந்தேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஐரோப்பாவில் இடப்பக்க ஸ்டியரிங்கோடு விற்ற ஸ்பேஸ் கியரின் லைட்டுகளை வரவழைத்து மாற்றினேன். இறக்குபவர்கள் பலர் இதைச் செய்வதே இல்லை. தயவுசெய்து செய்யுங்கள், அது உங்களுக்காக இல்லை, எதிரே வருகிறவருக்காக.

இரண்டு வழி ரோட்டில் முன்னால் ஒரு லொறி போனால் அதைத் தாண்ட முடியாது. நான் இருப்பது வலது ஓரம். எதிரே என்ன வருகிறது என்று பார்க்க, வானில் முக்கால்வாசியை எதிர்த் திசைக்குள் நீட்ட வேண்டும். மனைவி இடப்பக்கம் இருந்து "வருது, வருது, இப்ப போங்கோ" என்று சொல்லுவா. சில மாதங்களில் அதையும் நிறுத்திவிட்டேன், லொறிக்குப் பின்னாலேயே போகிறேன். சந்தியில் இடப்பக்கம் திரும்பும்போதும் இதே கதைதான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரச காப்புறுதிக் கழகம் இதை ஆராய்ந்து, வலப்பக்க ஸ்டியரிங் வாகனங்கள் தம் பிழையால் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு 40 வீதத்துக்கு மேல் கூட என்று கண்டது. வாங்க முன்னரே அதை வாசித்தேன், யாழ்ப்பாணத்தில் வலப்பக்கம் இருந்து ஓடிப் பழகியவன் எனக்கு என்ன என்று நினைத்தேன். அந்த அனுபவம் இங்கே உதவாது, அங்கே ரோட்டும் அதற்கு ஏற்றதாக இருந்தது. கியூபெக்கில் 2010இல் இருந்து 25 வருடத்துக்குக் குறைந்த வலப்பக்க ஸ்டியரிங் வாகனத்தைப் பதியவே முடியாது. மொன்றியலில் இருக்கும் மச்சான் அப்போது அந்தச் சட்டத்தைத் திட்டினான், நானும் சேர்ந்து திட்டினேன். இப்போது அதன் நியாயம் எனக்கு விளங்குகிறது.

அப்புறம் கதவு. ஜப்பானில் நடைபாதை இடப்பக்கம், ஆகவே இந்த வானின் பின் கதவு இடப்பக்கம் மட்டும்தான். இங்கே அது வாகனங்கள் ஓடுகிற பக்கம். மூன்றாவது வருடம், ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு முன்னால் நிறுத்தினேன். நான் சாவியை எடுப்பதற்குள் ஆறு வயது மகள் கதவை இழுத்துத் திறந்து ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டாள். பின்னால் வந்த கார் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓட்டுநர் இறங்கி வந்து என்னைத் திட்டவும் இல்லை, அவருக்கும் கை நடுங்கியது.

அன்று இரவுதான் மற்றவற்றையும் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகளின் இருக்கையை மேலே இழுத்துக் கட்டும் பட்டிக்கு, இங்கே விற்கிற வான்களில் இருக்கும் கொளுக்கி இதில் இல்லை. பக்கவாட்டு ஏர்பேக் இல்லை. எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது, முழங்காலுக்கு முன்னால் குறுகிய மூக்குதான். இவை எதுவும் புதிதாகத் தெரிந்தவை இல்லை, வாங்கிய நாளிலேயே தெரியும். ஆசைப்பட்டதால் தள்ளி வைத்திருந்தேன்.

அன்றில் இருந்து பிள்ளைகளை அதில் ஏற்றுவதில்லை. அவர்களுக்கு இங்கே வாங்கிய சாதாரண வான் இருக்கிறது. டெலிக்காவில் நானும் மனைவியும் மட்டும் காட்டுப் பக்கம் போகிறோம், ஹைவேயில் வலது ஓரமாக, அவசரம் இல்லாமல்.

பிள்ளைகளோடு டெலிக்காதான் வேண்டும் என்று நிற்பவர்கள் 2007இல் வந்த புதிய மொடலான டெலிக்கா டி:5ஐப் பாருங்கள், அதற்கும் 15 வருடம் கடந்துவிட்டது. இரண்டு பக்கமும் கதவு இருக்கிறது, எஞ்சினும் முன்னால். ஸ்டியரிங் அதே வலப்பக்கம்தான், லைட்டையும் மாற்றத்தான் வேண்டும். வாங்கி வந்ததும் இடப்பக்கக் கதவின் சைல்ட் லொக்கை முதல் நாளே போட்டுவிடுங்கள்.