ஷ்டுட்கார்ட்டா, சென்னையா: அடுத்தவரின் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் வாகன உதிரிபாகத் துறையில் ஒன்பது ஆண்டுகள் பொறியாளராக இருந்துவிட்டு, 2023இல் மனைவி, மகனோடு திரும்பி வந்து சென்னை ஆதம்பாக்கத்தில் குடியேறினேன். அங்கே போகத் துடிக்கும் உறவுக்காரப் பிள்ளைகளும், அங்கிருந்து திரும்பலாமா என்று யோசிக்கும் நண்பர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த நாட்டில் வாழ்க்கைத் தரம் மேல்? நான் சென்னையைத் தேர்ந்தெடுத்தவன் என்பதால் இந்த அலசல் சென்னைப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த கணக்கை விரைவாக முடித்துவிடலாம். ஜெர்மனியின் மக்கள்தொகை ஏறத்தாழ 8.3 கோடி, தமிழ்நாட்டைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்த மக்களை வைத்துக்கொண்டு அது உலகின் மூன்றாவது பெரிய பொருளாதாரமாக இருக்கிறது. தலைக்குக் கிடைக்கும் ஆண்டு உற்பத்தியை டாலரில் கணக்கிட்டால் அங்கே ஏறத்தாழ 55,000, இந்தியாவில் 2,700. இருபது மடங்கு இடைவெளி. விலைவாசி வேறுபாட்டைக் கழித்துவிட்டு, வாங்கும் திறன் சமநிலையில் பார்த்தால் அதே இடைவெளி ஆறு, ஏழு மடங்காகச் சுருங்குகிறது. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜெர்மனியின் பொருளாதாரம் சுருங்கியது, நம்முடையது ஆண்டுக்கு ஆறு விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது என்பதும் உண்மை. ஆனால் வளர்ச்சி வேகத்தைக் காட்டி அந்த இடைவெளியை மறைக்க முயல்வது, மாடியில் இருப்பவர் நின்றுவிட்டார், நான் படியேறிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதைப் போன்றது. காற்று, நடைபாதை, இரவின் அமைதி, வரிசையில் யாரும் முண்டியடிக்காத ஒழுங்கு ஆகியவற்றில் ஷ்டுட்கார்ட் மேல் என்பதை விவாதிக்கவே தேவையில்லை. பெரிய திட்டங்களை இழுத்தடிப்பதில் மட்டும் இரண்டு ஊரும் உடன்பிறப்புகள். ஷ்டுட்கார்ட்டின் புதிய நிலத்தடி ரயில் நிலையத்துக்கு 2010இல் பணி தொடங்கியது. 2019இல் திறப்பதாகச் சொல்லியிருந்தார்கள், நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போதும் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் பறக்கும் ரயில் பாதையை 2008இல் தொடங்கி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்த கதையை எங்கள் ஆதம்பாக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இருபது மடங்கு எப்படி ஆறு மடங்கு ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கைப்பேசி, மடிக்கணினி போன்ற பொருள்கள் இரண்டு நாட்டிலும் ஏறத்தாழ ஒரே விலைதான். விலை மலைக்கும் மடுவுக்குமாக மாறுவது மனித உழைப்பில். 2025இல் ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ, ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,282 ரூபாய். ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்க வரும் அக்காவுக்கு மாதம் 3,500 ரூபாய் கொடுக்கிறோம். நாளுக்கு ஒரு மணி நேரம், மாதத்துக்கு 26 நாள். அதாவது மணிக்கு ஏறத்தாழ 135 ரூபாய். வித்தியாசம் ஒன்பதரை மடங்கு. ஒரு நாட்டில் நம் வாழ்க்கை எப்படி அமையும் என்பதைச் சம்பளச் சீட்டைவிட இந்த ஒரு எண்தான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம்.

ஷ்டுட்கார்ட் வட்டாரத்தில் ‘கேர்வோக்கே’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. பெருக்கும் வாரம் என்று பொருள். அடுக்ககத்தில் யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சிறிய பலகையை மாட்டிவிடுவார்கள். அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது, கீழ்த்தளத்தைச் சுத்தம் செய்வது, பனி கொட்டினால் வாசல் நடைபாதையை வழித்துவிடுவது எல்லாம் அந்த வீட்டார் பொறுப்பு. எங்கள் எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். அவர் வாளியும் துடைப்பமுமாக முழந்தாளிட்டு மூன்றாம் மாடிப் படியின் மூலையைத் தேய்ப்பதை முதல் வாரமே பார்த்துவிட்டதால், அடுத்த வாரம் பலகை எங்கள் கதவுக்கு வந்தபோது முனகாமல் வாளியை எடுத்தேன். அந்தச் சமத்துவம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் படியோடு அது முடிவதில்லை. வாடகை வீட்டில் பெரும்பாலும் சமையலறையே இருக்காது. வெறும் சுவரும் குழாய் முனையும்தான். அலமாரி, தொட்டி, அடுப்பு எல்லாவற்றையும் வாங்கி, இரண்டு வார இறுதிகளைச் செலவழித்து நானே பூட்டினேன். முடிவெட்ட 28 யூரோ ஆகிறதென்று மகனுக்கு மனைவியே இயந்திரத்தால் ஒட்ட வெட்டிவிடுவாள். குழாய்க்காரர் வந்தால் வேலைக்கு ஒரு கூலி, வந்து போன தூரத்துக்குத் தனிக் கூலி.

பணம் மிச்சமாகும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். மணமாகாத ஒருவருக்கு வரியும் ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, முதியோர் பராமரிப்புக்கான காப்பீட்டுப் பிடித்தங்களும் போக, மொத்தச் சம்பளத்தில் கைக்கு வருவது ஏறத்தாழ 60 விழுக்காடு. அதில் வாடகை மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அந்தப் பிடித்தம் வீண் என்று சொல்லவில்லை. மகன் பிறந்தபோது மருத்துவமனையில் நாங்கள் கட்டியது பெயரளவுக்கான தொகை. இங்கே நாட்டின் மொத்த மருத்துவச் செலவில், 2021-22 கணக்குப்படி, 39 விழுக்காடு மக்களின் சட்டைப்பையிலிருந்தே போகிறது. ஒன்பது ஆண்டுகள் கட்டிய ஓய்வூதியப் பங்கும் எனக்கு 67 வயதில் வரும். இந்தியாவோடு செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 முதல் நடப்பில் இருக்கிறது. பள்ளியும் இலவசம். ஆனால் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு வகைப் பள்ளிக்கு அனுப்புகிற அந்த ஊர் முறையை நெருங்கும் முன்பே, இரண்டாம் வகுப்போடு மகனை அழைத்து வந்துவிட்டேன். ஆகவே அங்குள்ள கல்வியைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது அம்மா. 2022இல் ஆதம்பாக்கம் வீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்வதற்கு, நான் அங்கே போன காலத்து விதிப்படி மிக அரிதான நெருக்கடிகளில் மட்டுமே அனுமதி கிடைக்கும். 2024 மார்ச்சுக்குப் பிறகு முதன்முறையாக வேலை அனுமதி பெறுபவர்களுக்குத்தான் அது தளர்ந்தது. அப்படியே அழைத்துக்கொண்டிருந்தாலும் யார் பார்த்துக்கொள்வது? ஜெர்மனியில் பராமரிப்புக் காப்பீடு 1995 முதல் இருக்கிறது. அது கொடுத்தது போக, முதியோர் இல்லத்தில் முதல் ஆண்டில் ஒருவர் தம் கையிலிருந்து கட்ட வேண்டியது சராசரியாக மாதம் 3,000 யூரோவை ஒட்டி இருக்கிறது. மூன்று லட்ச ரூபாய். சென்னையில் அம்மாவோடு இரவும் பகலும் தங்கி, எழுப்பி நடக்கவைத்து, மாத்திரை கொடுத்து, சாயங்காலம் சீரியலையும் கூடவே உட்கார்ந்து பார்க்கிற பெண்ணுக்கு, ஆள் அனுப்பும் நிறுவனத்தின் தரகும் சேர்த்து 24,000 ரூபாய் ஆகிறது. அம்மா தன் வீட்டில், தன் மொழியில், தன் கட்டிலில் இருக்கிறாள். இதற்கு ஈடாக வைக்க ஷ்டுட்கார்ட்டில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மனைவியின் கணக்கும் இதே திசையில்தான் போனது. ஜெர்மனியில் வேலைக்குப் போகும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பகுதி நேர வேலையில் இருக்கிறார்கள். என் மனைவியும் அப்படித்தான் இருந்தாள். வீட்டு வேலைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து வாரத்துக்கு இருபது மணி நேரமாவது செலவழித்தோம். இங்கே அது ஆறு, ஏழு மணி நேரமாகக் குறைந்துவிட்டது. அவள் முழு நேர வேலைக்குத் திரும்பிவிட்டாள். இதை எந்த நாட்டின் தலைவீத உற்பத்திக் கணக்கும் காட்டாது.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. ஷ்டுட்கார்ட்டுக்குத் தண்ணீர் தொலைவிலுள்ள போடன் ஏரியிலிருந்து குழாயில் வருகிறது. சென்னைக்கும் 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீராணம் ஏரியிலிருந்து குழாயில் வருகிறது. அங்கே குழாயைத் திறந்து நேராகக் குடித்தோம். இங்கே குழாயில் வருவதைக் கீழே சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றி, குடிப்பதற்குத் தனியாகக் கேன் வாங்குகிறோம். கேனைத் தோளில் வைத்து இரண்டு மாடி ஏறி வந்து இறக்கிவிட்டுப் போகிற பையனுக்கும் சேர்த்துத்தான் 40 ரூபாய். லிஃப்ட் பழுதாகிக் கிடந்த நாளிலும் விலை ஏறவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாள்களிலும் இந்த நகரம் எப்படியோ ஓடியதற்குக் காரணம், லாரியிலும் குடத்திலும் அதைச் சுமக்க மலிவான தோள்கள் இருந்ததுதான். குழாய் நீரைக் குடிக்கும் தரத்துக்குக் கொண்டுவரச் சொல்லி என்னைப் போன்றவர்கள் தெருவில் இறங்காததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். மாடிக்கு ஆள் சுமந்து வர 40 யூரோ ஆகும் ஊராக இருந்தால், அடுத்த தேர்தலிலேயே அது தீர்ந்திருக்கும்.

ஆகவே எந்த நாடு மேல் என்று கேட்பவரிடம் நான் இப்போதெல்லாம் திருப்பிக் கேட்பது, நீங்கள் அடுத்தவரின் நேரத்தை வாங்குபவரா, உங்கள் நேரத்தை விற்பவரா என்பதுதான். ஓரளவு சம்பாதிக்கும் பொறியாளர் குடும்பம், வீட்டில் வயதான அம்மா, இருவருக்கும் வேலை என்றால் சென்னை. இதில் எனக்கு ஐயமே இல்லை. தனியாக இருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு, வாளி எடுக்கத் தயங்காதவராக இருந்தால், ஷ்டுட்கார்ட்டையே சொல்வேன். வீட்டுக்கு வரும் அக்காவின் நிலையில் இருப்பவருக்கோ கணக்கு தலைகீழ். அவர் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறார். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசம் என்பதால்தான் இத்தனை தூரம் வந்து நான்கு வீடு பார்க்க முடிகிறது. 80,000 ரூபாய்க் கைப்பேசி ஒன்று, ஜெர்மனியில் குறைந்தபட்ச ஊதியம் வாங்குபவருக்கு 62 மணி நேர உழைப்பு. அக்காவுக்கு ஏறத்தாழ 600 மணி நேரம். காய்ச்சலில் படுத்தால் அங்கே ஆறு வாரம் வரை முழுச் சம்பளத்தை முதலாளி தந்தாக வேண்டும். இங்கே எங்கள் வீட்டில் பிடிப்பதில்லை. மற்ற மூன்று வீடுகளில் பிடிக்கிறார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

ஜெர்மனியில் உங்கள் வேலைக்கு 1,282 ரூபாய் கொடுப்பார்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். துடைப்பத்தை நிறுத்தாமலே, “ஒரு நாளைக்கா சார்?” என்றார். ஒரு மணி நேரத்துக்கு என்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கேலி செய்கிறேன் என்றே நினைத்திருப்பார். இரண்டு நாள் கழித்து மனைவியிடம், ஜனவரியிலிருந்து 500 ரூபாய் ஏற்றித் தரும்படி கேட்டிருக்கிறார். சரி என்றுவிட்டோம். மணிக்கு 154 ரூபாய் ஆகிறது. 2026 ஜனவரி முதல் ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதியம் 13.90 யூரோ, ஒன்பதரை மடங்கு என்பது ஒன்பது மடங்காகிறது.