நானூறு வீடியோக்களை எழுத்தாக்கிய கதை: விஸ்பரோடு நீண்ட நாள் பழகிய அனுபவம்

எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு யூடியூப் சேனல் உண்டு. மாதக் கூட்டங்கள், நூல் அறிமுகங்கள், கூத்துக் கலைஞர்களிடம் எடுத்த நேர்காணல்கள் என நானூறுக்கு மேல் வீடியோக்கள். யார் எதில் என்ன பேசினார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பாதி வீடியோக்களுக்குத் தலைப்பே வெறும் "சிறப்புரை"தான். எல்லாவற்றையும் எழுத்தாக்கி வைத்தால் தேடிக்கொள்ளலாமே என்று சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை இன்னும் ஓடுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடுவதற்கு, விஸ்பர் என்ற பேச்சறியும் மாடல் தரும் எழுத்து அருமை. அப்படியே அச்சுக்குக் கொடுக்க லாயக்கில்லை.

முதலில் பார்த்தது மாதச் சந்தா கட்டும் ஓர் இணையச் சேவை. லிங்க்கை ஒட்டினால் எழுத்து வரும். ஆனால் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். பிளேலிஸ்ட்டை மொத்தமாகக் கொடுக்கும் வசதி விலை கூடிய திட்டத்தில்தான். மாதத்துக்கு என்று ஒதுக்கிய நிமிடங்கள் சில கூட்டங்களிலேயே தீர்ந்துவிட்டன. எப்போதாவது ஒன்றிரண்டு வீடியோ என்றால் சரி, நானூறுக்கு இது கட்டுப்படியாகாது.

அப்புறம்தான் விஸ்பருக்கு வந்தேன். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ, யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் இலவசமாக வெளியிட்ட மாடல் இது. நம் கணினியிலேயே ஓடும், நிமிடக் கணக்கு கிடையாது. 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது. அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்த பங்கு 1,17,000 மணி நேரம்தான். தமிழ் அந்த 96இல் ஒன்று. ஆங்கில வீடியோவில் கிடைக்கும் துல்லியத்தைத் தமிழில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நான் ஓட்டுவது ஃபாஸ்டர்-விஸ்பர் என்ற வடிவம். அதே மாடலை வேகமாகவும் குறைந்த நினைவகத்திலும் ஓட்டுகிறது. 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போதுமாக இருக்கிறது. மாடலில் இரண்டு வைத்திருக்கிறேன். 2023 நவம்பரில் வந்த லார்ஜ்-வி3 ஒன்று. 2024இல் வந்த டர்போ இன்னொன்று. டர்போவில் எழுத்தை உருவாக்கும் பகுதியின் அடுக்குகளை 32இலிருந்து 4ஆகக் குறைத்திருக்கிறார்கள், அதனால்தான் அந்த வேகம். புது வீடியோ வந்ததும் டர்போ. முக்கியமான உரை என்றால் இரவில் லார்ஜ்.

யூடியூபிலிருந்து ஒலியை இறக்க ஒய்டி-டிஎல்பி என்ற கருவி. சேனல் எங்களுடையது என்பதால் அனுமதிச் சிக்கல் இல்லை. மற்றவர் சேனல் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். யூடியூபின் விதிகள் ஒருபுறம் இருக்க, பேச்சு பேசியவருடையது. வீடியோவை இறக்காமல் ஒலியை மட்டும் எடுத்தால் டிஸ்க் பிழைக்கும். மாடல் எப்படியும் ஒலியை 16 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடமாகக் குறைத்துத்தான் கேட்கிறது. எதெல்லாம் இறக்கியாயிற்று என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும் வசதியும் ஒய்டி-டிஎல்பியில் உண்டு. கரண்ட் போய் மறுபடி தொடங்கினாலும் விட்ட இடத்திலிருந்து ஓடும். மொத்தமாகச் செய்பவர்களுக்கு மாடலைவிட இதுதான் உயிர்.

தமிழ்த் தலைப்பு வைத்தவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். லினக்ஸில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் க ஒன்றே மூன்று பைட், கி ஆறு. கூட்டத்தின் பெயர், பேச்சாளர், நூலின் பெயர், நாள் எல்லாம் சேர்ந்த தலைப்பு சுலபமாக அந்த எல்லையைத் தாண்டிவிடும், பதிவிறக்கம் நின்றுபோகும். வீடியோவின் 11 எழுத்து அடையாளக் குறியையே கோப்பின் பெயராக வைத்துவிட்டு, தலைப்பைத் தனி அட்டவணையில் எழுதிவையுங்கள். பின்னால் தேடும்போதும் இதுவே வசதி.

அடுத்து, மொழியைத் தமிழ் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முதல் 30 விநாடியைக் கேட்டு மாடலே ஊகிக்கும். எங்கள் வீடியோக்களின் தொடக்கத்தில் நாதஸ்வரமோ, "ஹலோ, மைக் டெஸ்டிங்"கோதான் இருக்கும். அதை வைத்து எந்த மொழி என்று முடிவெடுத்தால் முழுக் கோப்பும் போச்சு.

இந்த 30 விநாடிதான் உள்ளே இருக்கும் அடிப்படை அளவு. ஒலியை 30 விநாடித் துண்டுகளாகத்தான் மாடல் பார்க்கிறது, ஒரு துண்டுக்கு எழுதும் டோக்கன்களுக்கும், அதாவது சொல்லை உடைத்து மாடல் எழுதும் சிறு கூறுகளுக்கும், வரம்பு உண்டு. தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தைவிட நிறைய டோக்கன் செலவாகும். மூச்சுவிடாமல் பேசுகிற பட்டிமன்றப் பேச்சாளர் வந்தால் துண்டின் கடைசி வாக்கியம் அறுந்துபோக வாய்ப்புண்டு. தமிழ் எழுத்தாக்கம் மெதுவாக நடப்பதற்கும் இதுவே காரணம்.

பேச்சே இல்லாத இடத்தில் சொல்லைக் கற்பனையாக எழுதுவது இந்த மாடலின் பெரிய குறை. 2024இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையிலான குழு, ஆங்கில ஒலிப்பதிவுகளை வைத்துச் சோதித்தபோது சுமார் 1 சதவீதத் துண்டுகளில் யாரும் பேசாத வாக்கியங்கள் இருந்தன. பேச்சில் இடைவெளி நீளும்போது இது கூடியது. நம் கூட்டங்களில் கைதட்டல், சால்வை போடும் நேரம், மைக் மாறும் நேரம் எல்லாம் அப்படிப்பட்ட இடைவெளிகளே. பேச்சு இருக்கும் பகுதியை மட்டும் பிரித்துக் கொடுக்கும் வடிகட்டி ஃபாஸ்டர்-விஸ்பரிலேயே இருக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள். முந்தைய துண்டின் எழுத்தை அடுத்த துண்டுக்குத் துணையாகக் கொடுக்கும் அமைப்பை நிறுத்தினால், ஒரே வரி பக்கம் பக்கமாகத் திரும்புவதும் குறையும்.

சரி, ர, ற குழப்பம், ழ, ள குழப்பம் எல்லாம் உண்டா? தாராளமாக உண்டு. பார்த்தால் தெரியும் என்பதால் அவற்றை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் ஆபத்து. அதிகம் கேட்டறியாத பெயர் வந்தால் அதற்கு நெருக்கமாக ஒலிக்கும் வேறு பெயரை நல்ல தமிழில் எழுதிவிடும். வாக்கியம் தடையில்லாமல் ஓடும், கண்ணுக்குத் தப்பாகவே தெரியாது. பேச்சாளர் பெயர்களையும் நூல்களின் பெயர்களையும் மாடலுக்குத் தொடக்கக் குறிப்பாகக் கொடுத்தால் ஓரளவு திருந்துகிறது.

பிழைகளைத் திருத்த சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாடலிடம் கொடுத்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை போயிற்று, கூடவே பேச்சும் போயிற்று. கூத்துக் கலைஞர் "அப்ப நாங்க சின்னப் பசங்க" என்று சொன்னது "அக்காலத்தில் நாங்கள் சிறுவர்களாக இருந்தோம்" ஆகிவிட்டது. நேர்காணலை அந்தக் கலைஞரின் குரலுக்காகத்தானே எடுத்தோம்! இப்போது நேர்காணல்களை அதனிடம் கொடுப்பதில்லை.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் விடவில்லை? எழுத்தோடு நேரக் குறிப்பும் வருவதால்தான். தேடினால் வரியும், அது பேசப்பட்ட நிமிடமும் கிடைக்கும். லிங்க்கின் கடைசியில் விநாடியைச் சேர்த்துவிட்டால் அந்த இடத்திலிருந்தே வீடியோ ஓடும். வரியில் பிழை இருந்தாலும் பரவாயில்லை, காதால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். தோல்பாவைக் கூத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஒரு மாணவிக்கு, யாருக்கும் நினைவில்லாத மூன்று கூட்டங்களிலிருந்து பகுதிகளை இப்படித்தான் எடுத்துக் கொடுத்தோம். தேடும்போது மட்டும் சொல்லை முழுதாக அடிக்காதீர்கள். "மரம்" என்று தேடினால் "மரத்தில்" வராது. "மர" வரை அடித்தால் தேவையில்லாததும் கொஞ்சம் வரும், ஆனால் "மரத்தில்", "மரத்தை" போன்றவை தப்பாது.

மூன்று நான்கு பேர் கலந்து பேசும் கலந்துரையாடலுக்கு விஸ்பர் மட்டும் போதாது. யார் பேசியது என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்குத் தனிக் கருவிகள் உண்டு. ஒரே நேரத்தில் இருவர் பேசும் நம் வழக்கத்துக்கு அவையும் திணறுகின்றன.

கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் விஸ்பர்.சிபிபி என்ற வடிவத்தைச் சாதாரணக் கணினியிலேயே ஓட்டலாம், பொறுமை மட்டும் வேண்டும். தமிழே பிரதானம் என்றால் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்று மறுபயிற்சி கொடுத்த இண்டிக்விஸ்பரையும் ஒருமுறை உங்கள் ஒலியில் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு எழுத்தையும் அருகருகே வைத்துக் காதால் கேட்டு ஒப்பிட்ட பிறகு மொத்தத்தையும் எதில் ஓட்டுவது என்று முடிவு செய்யலாம்.