எளிமை போன் என்று ₹17,499 வாங்கிவிட்டார்கள்: முன்பதிவு செய்யும் முன் இதை வாசியுங்கள்

பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறானே என்று தவிக்கிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நம்முடைய அந்தத் தவிப்பைத்தான், ரீல்ஸும் கேமும் இல்லாத 'எளிமை போன்' என்று விற்கிற இவர்கள் காசாக்குகிறார்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கலுக்கும் குளச்சலுக்கும் நடுவில் உள்ள ஊர் எங்களுடையது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். அவர் குவைத்தில் இருக்கிறார். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், சாயங்காலம் மார்த்தாண்டத்தில் டியூஷன். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் கையில் கொடுத்த போன் அவனை ஆளே மாற்றிப்போட்டது. ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து வெளிச்சம் வரும். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. போனைப் பிடுங்கி வைத்தாலோ, இருட்டிய பிறகு அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. கறுப்பு வெள்ளைத் திரை, புத்தகத் தாள் மாதிரி. ரீல்ஸ் இல்லை, கேம் இல்லை. பேசலாம், மெசேஜ் அனுப்பலாம், வழி காட்டும் மேப் உண்டு, பாட்டு கேட்கலாம். ஒருமுறை சார்ஜ் போட்டால் 15 நாள். எல்லா நெட்வொர்க்கிலும் வேலை செய்யும், இந்திய மொழிகள் எல்லாம் உண்டு. "உங்கள் குழந்தையை உங்களுக்குத் திருப்பித் தருகிறோம்" என்று ஒரு வரி. அந்த வரியில்தான் நான் விழுந்தேன்.

கடை விலை ₹24,999, முன்பதிவு செய்தால் ₹17,499, அதுவும் இன்று ராத்திரி 12 மணி வரைதான் என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டுப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து யுபிஐயில் அனுப்பினேன். எண்பது பிளவுசுக்கு மேல் தைத்த கூலி அது. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அதே கடிகாரம், அதே 12 மணி, அதே விலை. அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆறு வாரத்தில் வீட்டுக்கு வரும் என்றார்கள். ஐந்து மாதம் ஆனது. இடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு மெயில் வரும். தொழிற்சாலைப் படம், சிரித்த முகங்கள், உங்கள் பொறுமைக்கு நன்றி. தேதி மட்டும் இருக்காது.

வந்த போனில் நல்லதும் ஒன்று உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். திரை நன்றாகத்தான் இருந்தது. உச்சிவெயிலில் முற்றத்தில் நின்று பார்த்தாலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. இ-இங்க் என்கிற இந்த வகைத் திரைக்கு எழுத்து மாறும்போது மட்டும்தான் மின்சாரம் வேண்டும், காட்டியதை அப்படியே பிடித்து வைத்திருக்கச் செலவு கிடையாது. மாறுவதற்கு நேரம் எடுக்கும், பழைய எழுத்தின் நிழலும் கொஞ்சம் தங்கும். அந்த மந்தம் பையனுக்கு நல்லதுதான் என்றுகூட நினைத்தேன். முதல் நாள் என்னுடைய ஏர்டெல் சிம்மைப் போட்டு அவர் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன், பேச முடிந்தது. மறுநாள் மகனுடைய ஜியோ சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். சிக்னல் நாலு கோடு நின்றது. அதைப் பார்த்துத் திருப்தியாகி, தனியாக ஒருமுறை அடித்துப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழை. டியூஷன் ஏழரைக்கு முடியும், எட்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். அன்று ஒன்பது ஆகியும் ஆளைக் காணோம். போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வருகிறது. இருபது தடவை அடித்திருப்பேன். கரண்டும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு கருங்கல் ஜங்ஷன் வரை போய்ப் பார்த்துவிட்டு, காணவில்லை என்று திரும்பி வந்தார். என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. ஒன்பதரைக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. "அம்மா, நான் மார்த்தாண்டத்துல பாலத்துக்கு அடில நிக்கேன். பஸ்ஸு போச்சு. இந்த போன்ல பேசவே முடியல, நாலு கோடு காட்டுது, அடிச்சா ஒடனே கட்டாவுது." டீக்கடைக்காரர் தன் போனைக் கொடுத்திருக்கிறார். அண்ணன் போய்க் கூட்டிக்கொண்டு வந்தபோது மணி பத்தேமுக்கால். நனைந்து விறைத்துப்போய் வந்தான்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே 4ஜியோடுதான் வந்தார்கள். அதில் பேச்சும் டேட்டா போகிற பாதையிலேயே போகும், அதற்கு வோல்ட்டி என்கிற வசதி போனில் வேண்டும். ஏர்டெல்லில் 2ஜி இன்னும் இருப்பதால், வோல்ட்டி இல்லாத போன் பேசுவதற்கு அதில் இறங்கிக்கொள்ளும். அதனால்தான் என் சிம்மில் பேச முடிந்தது, அவன் சிம்மில் முடியவில்லை. நாலு கோடு காட்டுவதும் பேச முடிவதும் ஒன்றல்ல.

மெயில் போட்டேன். நாலு நாள் கழித்துப் பதில்: வோல்ட்டி வசதி வரும் அப்டேட்டில் வழங்கப்படும், அதுவரை வேறு சிம் பயன்படுத்தவும். எல்லா நெட்வொர்க்கிலும் வேலை செய்யும் என்று எழுதி விற்றவர்கள் சொல்கிற பதில் இது. மேப்? அடுத்த அப்டேட். பாட்டு? அதற்கும் அப்டேட். ஆபத்தில் அழுத்துகிற பட்டன் எங்கே என்று கேட்டேன். 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கிற ஒவ்வொரு போனிலும் அது இருக்க வேண்டும் என்பது அரசாங்க விதி. பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் போதும். அதற்குப் பதிலே வரவில்லை. போனில் இல்லாததெல்லாம் எளிமை, இருந்தே தீர வேண்டியதெல்லாம் அப்டேட். இப்படித்தான் பேசுகிறார்கள்.

சரி என்று சிம்மை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த பிரச்சினை மொழி. குவைத்திலிருந்து அவர் தமிழில் அனுப்பிய மெசேஜைத் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக நிற்கிறது. ஓர் எழுத்துகூட இல்லை. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஆகவே கொஞ்சம் நீளமான தமிழ்ச் செய்தி என்றால் இரண்டு மூன்று துண்டாகத்தான் வரும், போன்தான் அதைச் சேர்த்துக் காட்ட வேண்டும். இதில் துண்டுகளும் சேரவில்லை, எழுத்தும் வரவில்லை.

எழுத்துதானே, ஆங்கிலத்தில் அனுப்பினால் போயிற்று என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் கடற்கரை ஆட்கள். ஒரு நாள் காலையில் என் போனில் பேரிடர் எச்சரிக்கை தமிழில் வந்தது, கள்ளக்கடல், கரையோரம் போக வேண்டாம் என்று. என் தம்பி வள்ளத்தில் போகிறவன், அவனும் போன் பண்ணினான். "எக்கா, இன்னைக்கு கடலு செரியில்ல, பயல கரைப்பக்கம் விடாத." அன்று லீவு நாள், மகன் கூட்டாளிகளோடு கடற்கரையில் பந்து விளையாடப் போயிருந்தான். ஓடிப் போய்க் கூட்டி வந்து அவன் போனை வாங்கிப் பார்த்தேன். அதே எச்சரிக்கை அவனுக்கும் வந்திருக்கிறது. மூன்று செய்தி, மூன்றிலும் வெறும் கட்டம். காற்றும் மழையும் இல்லாமல் வெயிலடிக்கிற நாளிலேயே திடீரென்று ஏறி வருவதுதான் கள்ளக்கடல். எங்கோ தூரத்துப் பெருங்கடலில் கிளம்பிய அலை அது. 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனதை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த எச்சரிக்கையைக் கட்டமாகக் காட்டுகிற போனைப் பிள்ளை கையில் எப்படிக் கொடுப்பது?

இதற்குள் 15 நாள் சார்ஜ் என்றது இரண்டரை நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த சர்வீஸ் கடைத் தம்பியிடம் கொண்டு போனேன். பின்மூடியைக் கழற்றினான். பேட்டரி மேல் கம்பெனி பெயரோடு ஒரு வெள்ளை ஸ்டிக்கர், 2000 எம்ஏஎச் என்று. பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு அது. ஓரம் லேசாகத் தூக்கி நின்றது. நகத்தால் மெல்ல உரித்தான். அடியில் மஞ்சள் நிறத்தில் இன்னொரு ஸ்டிக்கர், வேறு பெயர், 1300 எம்ஏஎச். "எக்கா, இஞ்ச பாருங்க" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிறகு அவன் ஒரு வழி காட்டினான், எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ நம்பர், அதாவது அந்தப் போனின் அடையாள எண் வரும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் கே, ஒய், எம் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த நம்பரை எழுதி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்த நம்பர் எந்தக் கம்பெனியின் எந்த மாடலுக்கு உரியது என்று தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பதில் வரும். எங்களுக்கு வந்த பதிலில் நாங்கள் கேள்விப்படாத ஒரு பெயர். "எங்கள் பொறியாளர்கள் மூன்று ஆண்டு உழைத்து உருவாக்கியது" என்று இவர்கள் சொன்ன போன், வேறொருவர் செய்து வைத்ததில் பெயர் ஒட்டியது.

போனைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள் என்றேன். ஏழு நாள் கெடு முடிந்துவிட்டதாம். அந்த ஏழு நாளையும் போன் என் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணவில்லை, அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். கூரியரிலேயே ஆறு நாள் போய்விட்டது. அடுத்த மெயிலில் இன்னொன்று சொன்னார்கள்: நீங்கள் பொருள் வாங்கவில்லை, எங்கள் முயற்சிக்கு ஆதரவு தந்திருக்கிறீர்கள். ரசீதை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். போன் என்ற சொல்லே அதில் இல்லை. "ஆதரவாளர் பங்களிப்பு ₹17,499" என்று இருக்கிறது. போனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அந்த வரியும் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை. பெட்டியில் எம்ஆர்பி, எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் விலாசம், ஒன்றும் அச்சடிக்கவில்லை. பணம் கட்டும் முன்பே ரசீது மாதிரியைக் கேளுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் முறையிட்டுப் பார்த்திருக்கலாம். நானே பின் போட்டு அனுப்பிய யுபிஐ பணத்துக்கு வங்கி கையை விரித்துவிட்டது.

நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பொருள் தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் விற்பனைதான் என்றார். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அடித்துப் புகார் பதிந்தேன். இணையத்தில் விற்கிறவர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020 விதியில் இருக்கிறது. மாதம் ஒன்று முடிந்தும் பேச்சில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனுவை ஏற்றினோம்.

மகனுக்கு இப்போது நாகர்கோவிலில் ₹1,900க்கு வாங்கிய 4ஜி பட்டன் போன். ஜியோ சிம் போட்டு, கடையில் நின்றபடியே அடித்துப் பேசி, தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பி வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். நான் தேடியதெல்லாம் இதில் இருக்கிறது. ரீல்ஸ் இல்லை, கூப்பிட்டால் எடுக்கிறான், சார்ஜ் நாலைந்து நாள் நிற்கிறது. ராத்திரி போர்வைக்குள் வெளிச்சம் இல்லை.

இந்த வகைப் போனுக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால், விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். எங்கள் மனு போன பிறகு அவர்கள் பக்கத்தில் "எல்லா நெட்வொர்க்கிலும்" என்ற வரி காணாமல் போய்விட்டது, நான் எடுத்து வைத்திருந்த படம்தான் இப்போது சாட்சி. பெட்டி, ரசீது, கூரியர் கவர் எதையும் வீசாதீர்கள். எங்களுக்கு விசாரணைத் தேதி வந்திருக்கிறது. உரித்த ஸ்டிக்கரை ஒரு கவரில் போட்டு, அந்தப் பேட்டரியோடு கொண்டு போகிறேன்.