கிணற்றை எங்கே வைப்பது? தரம் 5 பிள்ளைகளோடு ஒரு பலகை விளையாட்டு

சுற்றாடல் சுகாதாரம் படிப்பிக்க என்று கடைக்கு வரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை பாம்பும் ஏணியும்தான். கை கழுவினால் ஏணி, குப்பை போட்டால் பாம்பு. தாயக்கட்டை விழுந்தபடி நடக்கும். பிள்ளை யோசிக்க ஒன்றும் இல்லை. கிளிநொச்சியில் ஒரு புத்தகக் கடையில் 2,400 ரூபாவுக்கு வாங்கிய இந்த விளையாட்டு அப்படியல்ல. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த பிறகு தரம் 5 பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பலகையில் ஒரு கிராமம், ஆளுக்கொரு வளவு. கிணறு, மலசலகூடம், மாட்டுக்கொட்டில், குப்பைக்கிடங்கு எல்லாவற்றையும் எங்கே வைப்பதென்று பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டும். ஒரு கட்டம் 5 மீற்றர். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் 30 மீற்றர், அதாவது ஆறு கட்டம், விடவேண்டும் என்பதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. வெயில்காலச் சுற்றில் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். பிறகு மாரிமழை அட்டை வரும், நிலத்தடி நீர் ஏறும். கிட்ட வைத்தவரின் கிணறு பழுது. பள்ளத்தில் கிணறு வைத்தவருக்கு மேட்டு வளவின் கழிவும் வந்து சேரும்.

வன்னிப் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கார்த்திகை மழைக்குக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். "ரீச்சர், எங்கட கிணறும் கிட்டத்தான்" என்று ஒரு பிள்ளை சொன்னதும் மற்றவர்களும் தங்கள் வளவைக் கொப்பியில் கீறத் தொடங்கினார்கள். சிலர் வீட்டில் காலடியால் அளந்துகொண்டும் வந்தார்கள். கொதித்தாறிய தண்ணீரைக் குடியுங்கள் என்று நான் சொல்லிவந்தது அப்போதுதான் அவர்களுக்கு ஏறியது.

நுளம்பு அட்டைகள் சரியில்லை. யோகட் கப்பில் தண்ணீர் நின்றால் ஊற்றிவிடு, இரண்டு புள்ளி என்கிறது ஒன்று. டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குப் பொரிக்கும். வாளி, தொட்டியென்றால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று பேனையால் எழுதிச் சேர்த்தேன்.

குப்பையை வண்டிக்குக் கொடு என்று இன்னோர் அட்டை. எங்கள் உள்ளொழுங்கைகளுக்கு எந்த வண்டி வருகிறது? இங்கே எரிப்பதுதான் வழக்கம். பிளாஸ்ரிக் புகையைப் பற்றி ஓர் அட்டைகூட இல்லை. எலிக்காய்ச்சலும் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய குறை. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரும் காலில் ஒரு சின்னக் காயமும் போதும், அந்தக் கிருமி உடம்புக்குள் போய்விடும். பெரும்போகத்துக்கு வயலில் இறங்கும் தாய்தகப்பனின் பிள்ளைகள் இதை அறியாமல் இருக்கக் கூடாது.

தரம் 4க்குக் கீழே வேண்டாம், வாசிக்க நிறைய இருக்கிறது. ஒரு பாடவேளைக்குள் ஆட்டம் முடியாது. இரண்டை ஒன்றாக எடுங்கள். மற்றப்படி தயங்காமல் வாங்கலாம். பெட்டிக்குள் வெற்று அட்டைகளும் வருகின்றன. எலிக்காய்ச்சலையும் புகையையும் பிள்ளைகளைக்கொண்டே அவற்றில் எழுதுவியுங்கள்.