உமர்சி மாவ்ஜி பெயரில் விற்கப்படும் வெள்ளிப் பெட்டி: வாங்குவதற்கு முன் படியுங்கள்

பழைய வெள்ளிச் சாமான் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு. உமர்சி மாவ்ஜி செய்தது என்று சொல்லி, குஜராத்தின் கட்ச் பகுதி வேலைப்பாடு உள்ள சின்ன வெள்ளிப் பெட்டி ஒன்று சிங்கப்பூரில் விற்பனையாகிறது. அது அச்சில் வார்த்த நகல். அதற்கு நான் 1,850 டாலர் கொடுத்திருக்கிறேன். விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. பெட்டியின் அடையாளத்தை மட்டும் விவரமாகவே எழுதுகிறேன்.

மாவ்ஜி யார் என்று தெரிந்தால்தான் இந்த ஏமாற்று எவ்வளவு பெரியது என்பது புரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்ச் சமஸ்தானத்தின் தலைநகர் பூஜில் பட்டறை வைத்திருந்தவர், அங்கே ஆண்ட மகாராவின் அரண்மனைக்கு வேலை செய்தவர். வெள்ளித் தகட்டை அரக்கின் மேல் வைத்து, பின்பக்கத்திலிருந்து தட்டிப் புடைக்க வைத்து, அப்புறம் முன்பக்கம் திருப்பிச் சின்னச் சின்ன உளிகளால் தட்டித் தட்டி உருவம் எடுக்கிற வேலை அது. இலையும் கொடியும் இடைவெளி இல்லாமல் சுருண்டு ஓடும். அந்தக் கொடிக்குள் உற்றுப் பார்த்தால் மிருகங்கள் தெரியும். அந்தக் கையைப் போல இன்னொரு கை அபூர்வம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் செய்த வெள்ளிக்கு லண்டன், பர்மிங்ஹாம் போல அதிகாரபூர்வத் தர முத்திரை கிடையாது. செய்தவர் தானாகக் குத்துவதுதான் முத்திரை. மாவ்ஜியின் பொருள்களில் 'ஓ.எம்.' என்ற எழுத்துகளும் 'பூஜ்' என்ற ஊர்ப்பெயரும் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த முத்திரை இருந்தால் விலை பல மடங்கு ஏறும். போலி செய்கிறவர்களுக்கு இது போதாதா?

கடைக்காரர் தமிழர். "தம்பி, பினாங்கில ஒரு பழைய வீட்டுலேருந்து வந்த சாமான். முத்திரையை நீங்களே பாருங்க. நம்ம ஆளுன்னுதான் இந்த விலை" என்றார். "அண்ணே, மாவ்ஜி வேலைதான்னு உறுதியா எழுதித் தருவீங்களா?" என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் 'உமர்சி மாவ்ஜி, 1880, அசல்' என்று அனுப்பினார். ரசீதில் மட்டும் 'வெள்ளிப் பெட்டி, பழையது' என்று எழுதியிருந்தார். கேட்டதற்கு, கணக்குக்கு அப்படித்தான் எழுதுவோம் என்றார்.

மூடியின் கீல் கொஞ்சம் ஆடியதால் சிராங்கூன் சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவரிடம் கொண்டு போனேன். வயதானவர். கீலைத் தொடவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் உள்பக்கத்தையே நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இது தட்டின வேலை இல்ல, வார்ப்பு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். தட்டிப் புடைத்த தகடு என்றால் வெளியே மேடாக இருக்கிற இடம் உள்ளே பள்ளமாக இருக்க வேண்டும், சுத்தியலும் உளியும் பட்ட தடம் தெரிய வேண்டும். இதில் உள்ளே வழவழவென்று சமதளம். ஓரங்களில் ஊசி முனை அளவுக்குப் பொடித் துளைகள். உருக்கி ஊற்றும்போது காற்று அடைபட்டால் வருபவை அவை. கொடிகளின் விளிம்பு உளி பட்ட கூர்மையில்லாமல் மழுங்கிக் கிடந்தது. முத்திரையும் அப்படியே. இரும்பு முத்திரையைக் குத்தினால் எழுத்தின் விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும். இதில் 'ஓ.எம்.' கரைந்த சோப்பில் எழுதியது போல இருந்தது. அசல் பெட்டி ஒன்றிலிருந்து அச்சு எடுத்தபோது முத்திரையும் சேர்ந்தே வந்திருக்கிறது என்பது அவர் கணிப்பு. பள்ளங்களில் இருந்த கறுப்பும் மருந்து பூசி ஏற்றிய கறுப்பு. பஞ்சில் தேய்த்ததும் ஒட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளி மட்டும் நிஜம்தான். ஆனால் எடைக்குப் போட்டால் நான் கொடுத்ததில் கால்வாசி தேறினாலே அதிகம்.

கடைக்குத் திரும்பப் போனபோது அலமாரியில் அதே மாதிரி இன்னொரு பெட்டி இருந்தது. மூடியின் இடது ஓரத்தில் மான் ஒன்று உண்டு. அதன் பின்னங்காலுக்குக் கீழே ஒரு இலையின் நுனி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கொஞ்சம் மடங்கியிருக்கும். என் பெட்டியிலும் அதே பிளவு, அதே மடிப்பு, அதே இடத்தில். கையால் தட்டிய இரண்டு பெட்டிகளில் இப்படி அமையவே அமையாது. ஒரே அச்சு. இதைக் காட்டியதும் அண்ணன், தம்பி எல்லாம் போய்விட்டது. "விற்ற பொருளை வாங்க மாட்டோம் சார். ரசீதில் மாவ்ஜி என்று எங்கே இருக்கிறது?" என்றார்.

ரசீதில் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் முதலில் புகார் கொடுத்தேன், கடைக்காரர் மசியவில்லை. இப்போது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். அங்கே 20,000 டாலர் வரைக்கும் கோரலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், வக்கீல் வைக்க முடியாது, நாமேதான் பேச வேண்டும். விற்கிற பொருளைப் பற்றிக் கடைக்காரர் பொய்யான தகவல் சொல்வது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான வணிகமுறை. பழைய பொருள் என்பதால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது.

பணம் போனதைவிட எனக்கு ஆற்றாமை வேறு. பூஜ் பட்டறையில் நாள் கணக்கில் குனிந்து உட்கார்ந்து தட்டிய ஒரு மனிதரின் பெயரை, ரப்பர் அச்சில் மெழுகு ஊற்றி மாதிரி எடுத்து, அதை வைத்து வார்த்த சரக்கில் ஒட்டி விற்கிறார்கள். விஷயம் தெரியாத ஒருவர் இதைப் பார்த்து, மாவ்ஜி வேலை இவ்வளவுதானா என்று நினைத்துவிட்டால் அது மாவ்ஜிக்குச் செய்கிற துரோகம்.

இந்தப் பெட்டியை யாராவது உங்களிடம் காட்டினால், உள்பக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். செய்தவர் பெயரையும் காலத்தையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் மானின் பின்னங்காலுக்குக் கீழே அந்த இலை நுனியைப் பாருங்கள். பிளந்திருந்தால் படம் எடுத்து, ரசீதோடு எனக்கு அனுப்புங்கள். மன்றத்தில் காட்ட மூன்றாவது பெட்டி ஒன்று இருந்தால் என் வழக்கும் உங்கள் வழக்கும் வலுவாகும்.