'மெகா'வை வெட்டிய பதிப்பகம்: காசு கொடுத்துத் தொழில்நூல் வெளியிட இருப்பவர்கள் கவனத்திற்கு

மின்மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழிலில் 31 ஆண்டுகளாக இருக்கிறேன். என்னிடம் தொழில் கற்க வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தவற்றைத் தொகுத்து, 212 பக்கங்களில் ஒரு நூலாக எழுதினேன். அதை வெளியிட்ட விதத்தில் ஏமாந்தும் போனேன். சம்பந்தப்பட்ட பதிப்பகத்தின் பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. அவர்கள் கையாண்ட முறையைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

கையெழுத்துப்படியை அனுப்பிய இரண்டாம் நாளே "அருமையான நூல்" என்று பதில் வந்தது. காயில் கட்டுவதைப் பற்றிய 212 பக்கங்களை ஒரே நாளில் படித்து ரசிக்கக்கூடியவர் யார் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். 'ஆசிரியர் பங்களிப்பு' என்ற பெயரில் அவர்கள் கேட்ட தொகையில், ஐஎஸ்பிஎன் எண்ணும் அதன் வழியே பதிப்புரிமைப் பாதுகாப்பும் அடங்கும் என்றார்கள். அந்த 13 இலக்க எண், ஒரு நூலின் குறிப்பிட்ட பதிப்பையும் அதை வெளியிட்டவரையும் அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே உரியது. அது யாருக்கும் எந்த உரிமையையும் தருவதில்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், எழுதி முடித்ததுமே பதிப்புரிமை எழுதியவருக்கு உரியதாகிவிடுகிறது. அதற்குப் பதிவு தேவையில்லை. ஏற்கெனவே என்னிடம் இருந்த ஒன்றை எனக்கே விற்றிருக்கிறார்கள்.

பணம் போனதைவிட என்னை வருத்துவது 84ஆம் பக்கம். காயில் கட்டி முடித்த மோட்டாரை மெக்கர் என்ற, மின்கசிவைத் தடுக்கும் காப்பின் தடையை அளக்கும் கருவி கொண்டு சோதிக்கும்போது, காயிலுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் தடை இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். மொழி திருத்தியவர், 'மெகா தொடர்' என்பதில் வரும் 'மெகா'வைப் போல இதையும் தேவையற்ற ஆங்கில அடைமொழி என்று கருதி நீக்கிவிட்டார். அச்சில் வந்தது வெறும் '1 ஓம்'. பத்து லட்சம் ஓம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓம் போதுமென்று நம்புகிற மாணவன், உடலில் மின்சாரம் பாயும் மோட்டாரையும் சரியானது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவான். கதைநூலில் ஒரு சொல் விழுந்தால் வாசகர் முகம் சுளிப்பார். தொழில்நூலில் விழுந்தால் உயிரே போகலாம். இறுதி மெய்ப்பை எனக்குக் காட்டாமலேயே அச்சுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆசிரியரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அச்சிடக்கூடாது என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

படங்களுக்கும் அதே கதிதான். ஸ்டார்ட்டிங் காயிலைச் சிவப்பிலும் ரன்னிங் காயிலைப் பச்சையிலும் வரைந்து கொடுத்திருந்தேன். கருப்பு வெள்ளையில் அச்சாகி, இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன.

ஆயிரம் பிரதிகளை ஒரே தடவையில் ஆஃப்செட்டில் அடித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வெவ்வேறு மாதங்களில் நானே வாங்கிய மூன்று பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றின் தாள் மஞ்சள், மற்றொன்றின் தாள் வெள்ளை; முதுகில் உள்ள தலைப்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருந்தது. தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக அச்சிடுவது இன்று வழக்கமான முறைதான், அதில் தவறில்லை. ஆனால் நான் ஆயிரம் பிரதிகளுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். விற்பனையில் ஆசிரியருக்குச் சேர வேண்டிய பங்கோ அட்டை விலையின் மீது கணக்கிடப்படாமல், கழிவும் செலவும் போக எஞ்சும் 'நிகர வரவின்' மீது கணக்கிடப்பட்டது. எது செலவு என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

பிழையைத் திருத்தச் சொன்னபோது, அது புதிய பதிப்பு என்பதால் மீண்டும் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். வேறிடத்தில் வெளியிடலாம் என்றால், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் வெளியீட்டு உரிமையை அவர்களுக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். விற்பனை நின்றால் உரிமை எனக்குத் திரும்பும் என்ற விதி அதில் இல்லை. பக்க வடிவமைப்பின் மூலக் கோப்பைக் கேட்டேன், அதையும் தரவில்லை.

இப்போது என் கைக்கு எட்டும் பிரதிகளில் மட்டும் திருத்தச் சீட்டு ஒட்டிக் கொடுக்கிறேன். எட்டாத பிரதி யாரிடமாவது இருந்தால், 84ஆம் பக்கம், மேலிருந்து ஆறாம் வரியில் '1 ஓம்' என்பதை அடித்துவிட்டு, '1 மெகா ஓம்' என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.