130 மி.மீ. தொலைநோக்கியும் கானாடுகாத்தான் மொட்டைமாடியும்: எம்51 படம் எடுத்த அனுபவம்

எம்51 என்ற சுருள் விண்மீன் மண்டலத்தை (கேலக்சி) வீட்டு மாடியிலிருந்தே படம் எடுக்கும் ஆசையில், 130 மி.மீ. ஆடியும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கியை, மோட்டார் பொருத்திய ஈக்குவடோரியல் மவுண்டுடன் (பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பி விண்மீன்களைத் தொடரும் தாங்கி) வாங்கினேன். இரண்டு கோடைகள் பயன்படுத்திவிட்டேன். ஆடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மவுண்டுதான் நம் பக்கத்து அட்சரேகையை நினைத்துச் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை.

மவுண்டின் சுழல் அச்சு வான்துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். நாம் வடக்கு 10 பாகையில் இருப்பதால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. எங்கள் மாடியில் அது அடுத்த வீட்டு ஓட்டுக்கூரைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அச்சை அவ்வளவு தாழ்த்தினால் தொலைநோக்கியைச் சமன்செய்யும் எதிர் எடை முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறது. முக்காலியின் மேலே மவுண்டைத் திசைப்படுத்தும் முளையை இடம் மாற்றி, இரு கால்களுக்கு நடுவே எடை தொங்கும்படி முக்காலியைத் திருப்பி வைத்த பிறகே இடிப்பது நின்றது. துருவம் தெரியாத இடத்தில் அச்சைச் சரிசெய்ய, உச்சிக்கு அருகிலுள்ள ஒரு விண்மீன் வடக்கே நழுவுகிறதா தெற்கே நழுவுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். கேமராவை மாட்டியபோது குவியம் எட்டவில்லை. நீளமான திருகுகள் போட்டு முதன்மை ஆடியை முன்னே நகர்த்தினேன்.

எம்51, சப்தரிஷி மண்டலத்தின் வால்முனையான மரீசியிலிருந்து சுமார் மூன்றரைப் பாகை தள்ளி இருக்கிறது. ஏப்ரல் நள்ளிரவில் நமக்கு வடக்கே 53 பாகை உயரம் வரை ஏறுகிறது. தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தால் அதுவும் அதன் துணை மண்டலமும் இரண்டு மங்கலான திட்டுகள், அவ்வளவுதான். பகலெல்லாம் காய்ந்த மாடித்தளத்தின் வெக்கை காற்றைக் கலக்குவதால், இரவு பதினொரு மணிக்கு மேல்தான் தொடங்குவேன். 30 வினாடி வீதம் 240 படங்கள் எடுத்து, கேமரா சூட்டின் புள்ளிகளைக் கழிக்க மூடி போட்டும் சில எடுத்து, எல்லாவற்றையும் டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற மென்பொருளில் ஒன்றாக அடுக்கினேன். 6,000 பிக்சல் அகலப் படத்தில் அந்த மண்டலம் 550 பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. ஆயினும் இரு சுருள் கரங்களும், துணை மண்டலத்தை நோக்கி நீளும் கரமும் தெளிவாகத் தெரிந்தன. 1845இல் அயர்லாந்து வானியலாளர் ரோஸ் பிரபு 72 அங்குல ஆடி வழியே முதன்முதலில் கண்ட அதே சுருள், ஐந்து அங்குல ஆடியில் என் மாடிக்கு வந்ததைப் பார்த்து நெடுநேரம் உறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே அச்சை 10 பாகைக்குத் தாழ்த்தி, எடையை முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.